பத்து வீணைக்கு இடம்

கொல்லையில் எங்கே போய் நின்றாலும் பத்மாஸினிக்கு மனசு ஒப்பவில்லை. கிணற்றடியில் நின்று பார்த்தாள். துவைக்கிற கல்லின் மேல் ஏறிப் பார்த்தாள். சமையலறையின் பின்வாசற்படியில் உட்கார்ந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டுகூடப் பார்த்துவிட்டாள். எப்படிப் பார்த்தாலும் ஒரு கிணறு, ஒரு துளசி மாடம், நாலு சுவர். கடைசிச் சுவர் தன்னைப் பார்த்து ஓரடி முன்னால் நகர்ந்து வந்து நிற்பதுபோல அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மைசூரில் சாமராஜபுரத்து அந்த வரிசை வீடுகள் எல்லாமே அப்படித்தான். தெருப்பக்கம் கௌரவமாக நிற்கும். உள்ளே போகப்போக ஒடுங்கி, கடைசியில் வானம் தெரிகிற மாதிரி ஒரு கைப்பிடி வெளி இருக்கும். அங்கேதான் தண்ணீர் இறைப்பது, பாத்திரம் தேய்ப்பது, துணி உலர்த்துவது எல்லாம். அதற்கு மேல் அந்தக் கொல்லையிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பத்மாஸினி கேட்டுவிட்டாள். பத்து வீணைக்கு இடம் கேட்டுவிட்டாள்.

லக்ஷ்மிபுரத்தில் வக்கீல் வீட்டு கௌரம்மாவின் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடி வீணை வாசிப்பது வழக்கம். சங்கம், சமாஜம் என்று பேர் ஒன்றும் கிடையாது. ஆண்கள் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போன பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்னால் உள்ள நேரம் அது. ஜட்காவில் ஒருத்தி, நடந்து ஒருத்தி என்று வந்து சேர்வார்கள். யார் பெரியவள், யார் கற்றுக்குட்டி என்ற பேச்சில்லை. எல்லோரும் ஒரே கீர்த்தனையைச் சேர்ந்து வாசிப்பார்கள்.

பத்மாஸினி கல்யாணத்துக்கு முன்னால் மேலுக்கோட்டையில் ஒழுங்காக வீணைச் சிட்சை எடுத்துக்கொண்டவள். இங்கே வந்த பிறகு தனியாகத்தான் வாசிப்பு. ஒரு நவராத்திரியில் தாம்பூலம் வாங்கிக்கொள்ள வந்த கௌரம்மா அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வந்துவிடச் சொன்னாள். மறு வருஷமும் சொன்னாள். அதற்கடுத்த வருஷமும் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போக முடியவில்லை.

காரணம் மாமனார். கொடுமைக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். நரசிம்மமூர்த்தி பாடசாலையில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், குரலை உயர்த்திப் பேசி அறியாதவர். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. பூஜை, பாராயணம் எல்லாம் முடிந்து, வெயில் சாய ஆரம்பிக்கும்போது இலை போட வேண்டும். அதுவரைக்கும் சமைக்கிற மருமகள் மடியாக இருக்க வேண்டும். கிணற்றடியில் குளித்து, மூங்கில் கொடியில் யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டாளானால், அப்புறம் எவரையும் தொடக்கூடாது, எவர் தொட்ட துணியும் மேலே படக்கூடாது, தெருவில் இறங்கக்கூடாது. வீட்டில் வேறு பெண் கிடையாது. ஊரில் மற்ற பெண்களுக்கெல்லாம் எந்த நேரம் ஓய்ந்திருக்குமோ அந்த நேரம் அவளுக்குக் கட்டி வைத்த நேரம்.

வீணைக்கு மட்டும் விலக்கு. அவள் வீட்டுக்கு வந்த புதிதில் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, அது தேவதை, அதற்கு விழுப்பு, தீட்டு ஏது என்று சொல்லிவிட்டார் மாமனார். ஆகவே சமையலை, அவர்கள் பாஷையில் தளிகையை, முடித்து மூடிவைத்துவிட்டு, அவர் பாராயணம் பண்ணுகிற நேரத்தில் அவள் கொல்லையில் வீணையோடு உட்காருவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாதேவியின் எருமை அசை போடுகிற சத்தம் கேட்கும். பத்து வருஷமாக அந்த எருமையோ அதன் முன்னோர்களோதான் சபை.

இந்தத் தை மாதம் கௌரம்மாவின் மாமியார் வாதத்தில் விழுந்தார். கூடத்தில் கட்டில் போட்டாகிவிட்டது. சத்தம் ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இடம் போயிற்று. தானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்பதால் மாதேவி சுவருக்கு மேல் தலையை நீட்டிச் சேதியைச் சொன்னாள். ஊரின் அந்தக் கோடியில், நஜர்பாத்தில், தன் அக்கா வீடு இருக்கிறது, அங்கே போகலாமா என்று பேச்சு நடப்பதாகவும் சொன்னாள்.

“எங்காத்துக் கொல்லையிலே வெச்சுக்கலாமே” என்றாள் பத்மாஸினி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மாதேவி இன்னும் கொஞ்சம் எம்பிக் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கன்னட வீட்டுப் பெண். இத்தனை வருஷப் பழக்கத்தில் வந்த தமிழ்.

“இங்கேயா? பத்து பூசணிக்காய் வெச்சா பதினொண்ணாவது காய் கிணத்துலே விழும், பத்மா.”

“நான் பண்ணிக் காட்றேன். கௌரம்மாவை வந்து பாக்கச் சொல்லு.”

மாமனாரிடம் கேட்டாள். அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, “வரட்டும். சமையலுள் பக்கம் வரப்படாது, பக்கத்து நடை வழியா வந்து அப்படியே போகட்டும். நான் அமுது பண்ணி இலையை விட்டு எழுந்திருக்கிற வரைக்கும் உன் மடி கெடப்படாது. அவ்வளவுதான்” என்றார். அவர் அளவில் அது பெரிய சலுகை. பத்மாஸினிக்கு அது தெரியும். தெரிந்ததனாலேயே கை பரபரத்தது. இந்த வாசல் ஒரு தடவைதான் திறக்கும்.

அவளுக்கு ஒரு வித்தை தெரியும், அதில் ஊருக்குள் நல்ல பெயர். மைசூரில் கொலு வைக்கிற வீட்டிலெல்லாம் படிகளுக்கு முன்னால் தரையில் ஒரு ‘பார்க்’ போடுவார்கள். ராகியை முளைக்கவிட்டுப் பசும்புல், கண்ணாடியைப் புதைத்துக் குளம், கல்லை அடுக்கி மலை. எல்லோரும் போடுவதுதான். ஆனால் பத்மாஸினியின் பார்க்கைப் பார்க்க வேறு தெருக்களிலிருந்தும் வருவார்கள். இரண்டு முழ இடத்தில் சாமுண்டி மலையும் அடிவாரமும் ஏரியும் ஏரிக்கு அக்கரையில் ஒரு கிராமமும் தெரியும். ரகசியம் எளிது. பெரிய பொம்மை முன்னால், சிறிய பொம்மை பின்னால். பாதை முன்னால் அகலம், போகப்போக ஊசி. பின்புறத் துணியில் வெளிறிய நீலம். பார்க்கிறவளுக்கு மணைப்பலகையை எங்கே போடுவது என்பதையும் அவளே தீர்மானிப்பாள். அந்தப் பலகையில் உட்கார்ந்தவளுக்குப் பொம்மை நிற்கிற தூரம் இரண்டு முழமல்ல, இரண்டு மைல்.

இரண்டு முழத்தை இரண்டு மைலாக்கத் தெரிந்தவளுக்கு ஒரு கொல்லை எந்த மூலைக்கு?

அன்றிலிருந்து அவள் உட்காரவில்லை. சுண்ணாம்பில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலக்கிக் கடைசிச் சுவருக்குப் பூசினாள். உலர்ந்ததும் நிறம் கூடிவிட்டது போலிருக்க, மேலே இன்னொரு கை வெறும் சுண்ணாம்பு அடித்தாள். பின்வாசற்படிக்கு இரண்டு பக்கமும் யானைக்காது போன்ற இலை விரித்த சேம்புத் தொட்டிகளை வைத்தாள். அதற்கப்பால் குரோட்டன்ஸ். அதற்கும் அப்பால் மருக்கொழுந்து, தவனம் என்று இலை சிறுத்துக்கொண்டே போயிற்று. நடுவில் செங்கல் பாவி ஒரு பாதை. படிக்கருகில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம், கடைசியில் ஒரு பூனை நடக்கலாம். துளசி மாடத்தை நகர்த்த முடியாது. அதைப் பாதை வளைந்து போவதற்கு ஒரு சாக்காக ஆக்கிக்கொண்டாள்.

பாதை போய் முட்டுகிற இடத்தில் ஒரு தகரக் கதவு இருந்தது. அந்தப் பக்கம் கன்ஸர்வன்ஸி என்று ஊரில் சொல்கிற பின்சந்து. குப்பை அள்ள வருகிறவர்களுக்காக விட்டது. மடியும் ஆசாரமும் உள்ள வீட்டில் யாரும் அந்தக் கதவைத் தொடுவதில்லை. அதன் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. பத்மாஸினி உள்ளே போய்ப் புருஷனின் ஆளுயரக் கண்ணாடியை எடுத்துவந்து அந்தக் கதவை மறைத்துச் சாய்த்து, விளிம்பு தெரியாமல் மல்லிகைக் கொடியை இழுத்து விட்டாள். பாதை கண்ணாடிக்குள் நுழைந்து, இன்னும் அவ்வளவு தூரம் போயிற்று.

மறுநாள் காலை அவள் கணவர் வேங்கடேசன் தலைப்பாகைத் துணியோடு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடிவிட்டுக் கடைசியில் கொல்லைக்கு வந்தார். அரண்மனைக் கச்சேரியில் குமாஸ்தா. தலைப்பாகையில் ஒரு மடிப்புப் பிசகினாலும் நாள் முழுக்க அதையே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர். மல்லிகைக் கொடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கட்டி முடித்தார்.

“நாளைக்கு என் மேஜையையும் இங்கேயே கொண்டுவந்து போட்டுடறேனே, பத்மா. நெறய எடம் இருக்கு” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே நிறைய இடம் இருப்பதாகத் தெரிகிறதா, எங்கே உட்கார்ந்தபோது அப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதற்கப்புறமும் விட்டாளா? சமையலுக்கு நடுவில் எழுந்து போய் ஒரு தொட்டியை ஒரு விரற்கடை திருப்புவாள். அரிசி கொதிக்கும், இவள் தவனத்தின் தலையைக் கிள்ளிக்கொண்டிருப்பாள், அது ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டால்கூடப் பின்வெளி நெருங்கிவிடுகிறது என்று. தலைக்கு மேலே தொங்குகிற மடிக்கொடி கண்ணை உறுத்துகிறதென்று அதை இன்னும் உயரத்தில் கட்டச் செய்தாள். வீணையை அந்த நாட்களில் அவள் எடுக்கவேயில்லை. உறைமேல் செங்கல் தூசி படிந்திருந்தது.

கௌரம்மா ஒரு சாயங்காலம் வந்தாள். மாமனார் சாப்பிட்டாகிவிட்டதால் பத்மாஸினிக்கு அப்போது மடி இல்லை. முகமன் கூறிப் பின்வாசற்படிக்கே நேராக அழைத்துப் போய், தயாராகப் போட்டிருந்த பலகையில் உட்காரவைத்தாள். வெயில் இறங்கிச் சுவரின் நீலத்தில் ஒரு மங்கல் சேர்ந்திருந்தது. கௌரம்மா சேம்பிலையிலிருந்து நீலச் சுவர் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கூட வந்த மாதேவி, தினமும் சுவருக்கு மேலிருந்து பார்க்கிறவள், இந்தப் பலகைக்கருகில் நின்று முதல் தடவையாகப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“நோடு மாதேவி, வெறும் ஹித்திலு, கொல்லைன்னு சொன்னியே” என்றாள் கௌரம்மா. தமிழ் பேசும்போது அவளுக்குக் கன்னடம் நடுவில் வந்து விழும். “இது ஹித்திலா? லால்பாக் மாதிரி இருக்கு.”

சொல்லிக்கொண்டே அவள் எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். நடந்து பார்க்க ஆசை. நடந்தால் தூரம் சுருங்கிவிடும் என்று பத்மாஸினி சட்டென்று உள்ளே ஓடினாள். காப்பி கொண்டுவந்தாள். கௌரம்மா குடித்துவிட்டு மறுபடி கையை ஊன்றினாள். கொஞ்சம் திரட்டுப்பால் இருக்கிறது என்றாள் பத்மாஸினி. அது முடிந்ததும் இன்னும் அரை டம்ளர் காப்பி. மாமியாருக்கு எப்படி இருக்கிறது, பேச்சு வந்ததா, எண்ணெய் தேய்க்கிறார்களா என்று நடுநடுவே விசாரணை. விளக்கேற்றுகிற நேரம் வந்து, கொல்லை இருண்டு, கௌரம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுந்து நேரே வாசலுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை எல்லோரையும் இங்கேயே வரச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்மாஸினி திரும்பி வந்து அந்தப் பலகையில் தானே உட்கார்ந்து இருட்டைப் பார்த்தாள். ஜெயித்தாகிவிட்டது, ஆனாலும் பரபரப்பு அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் விடியலிலேயே தளிகையைத் தொடங்கினாள். எல்லாவற்றையும் முடித்து, வெண்கலப் பானையைத் தட்டால் மூடி, மடிப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்கு வந்து நின்றாள். உள்ளே மாமனாரின் பாராயணம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து நடையில் வளையல் சத்தம் கேட்டது.

முதலில் கௌரம்மா. அவள் படிக்கருகில் சேம்பு இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீணையை மடியில் கிடத்தினாள். படம் போலிருந்தது. அடுத்தவள் எதிரில் உட்கார்ந்தாள். அதுவும் சரி. மூன்றாவது வீணை வந்தபோது அதன் யாளிமுகம் சேம்பிலையைக் கிழித்தது. ஒரு வீணை என்றால் குறுக்கே ஓர் ஆள் படுத்த மாதிரி. அது கொலு பொம்மையைப் போல நிற்காது. கிடக்கும், இரண்டு பக்கமும் நீளும். நாலாவது வீணைக்காரி குரோட்டன்ஸ் தொட்டிகளைக் காலால் நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டாள்.

“நான் பின்னாலே போறேன், அங்கே தாராளமா இருக்கு” என்று மாதேவி வீணையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாதையில் நடந்தாள்.

மாதேவி சற்றுப் பருமன். துளசி மாடத்தைத் தாண்டினாள். தாண்டத் தாண்டப் பெருத்தாள். பாதை குறுகக் குறுக அவள் அகன்றாள். கடைசிச் சுவரை அடைந்து திரும்பி நின்றபோது தவனம் அவள் கணுக்காலில் இருந்தது. தலை சுவரின் வானத்தைத் தாண்டி மாதேவி வீட்டு எருமைக் கொட்டகையின் ஓட்டுக்குச் சமமாக நின்றது. ஊரை மிதிக்க வந்த பூதம்போல அவள் நிற்க, கண்ணாடிக்குள் இன்னொரு மாதேவி முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு மைல் இருந்த இடம் அந்த நிமிஷத்தில் இரண்டு எட்டாகச் சுருங்கியது. உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். உடனே எல்லோரும் சிரித்தார்கள். மாதேவியே சிரித்துக் குலுங்கியதில் ஒரு மருக்கொழுந்துத் தொட்டி சாய்ந்தது.

பத்மாஸினியும் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் நடையிலிருந்து ஆறாவது, ஏழாவது ஆள் வந்து நின்றார்கள். கண்ணாடி அவர்களையும் வாங்கி இரண்டு மடங்காக்கிக் கொடுத்தது. வெறும் இடத்தை இரட்டிப்பாக்கத்தான் அவள் அதை வைத்தாள். அது கூட்டத்தை இரட்டிப்பாக்கியது. யார் புடவையும் மேலே படாதபடி அவள் ஓரடி ஓரடியாகப் பின்வாங்கினாள். முதுகில் கிணற்றுச் சுவர் இடித்தது. துவைக்கிற கல்லின் மேல் ஒரு காலை ஏற்றி நின்றாள். அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் இடம் யோசித்தவள், தனக்கு யோசிக்கவில்லை. மடியாக இருக்கிறவளுக்கு அவள் உட்காருகிற இடம் மட்டும் போதாது. சுற்றிலும் ஒரு கை எட்டுகிற தூரம் வெறுமையாக வேண்டும். இத்தனை வருஷம் அந்த வெறுமையைத் தூக்கிக்கொண்டே நடந்து பழகிவிட்டதால் அதை ஒரு சாமானாக அவள் கணக்கில் சேர்க்கவேயில்லை. இந்தக் கொல்லையில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சாமான்.

கௌரம்மா சுற்றிலும் பார்த்தாள். நடையில் இன்னும் இரண்டு வீணைகள் நின்றுகொண்டிருந்தன. அவள் குரல் இதமாகத்தான் இருந்தது.

“பத்மா, மனசுலே ஒண்ணும் வெச்சுக்காதே. நாங்க நஜர்பாத்துக்கே போறோம். இந்த பார்க் இருக்கட்டும், ரொம்ப அழகா இருக்கு. எப்பவாவது எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறோம்.”

வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பலகையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், காப்பி குடிப்பார்கள், போவார்கள். பத்மாஸினி கல்லின் மேலிருந்து காலை இறக்கினாள். பாதையில் நேராக நடந்தாள். புடவையை ஒதுக்கவில்லை, இரண்டு பக்கமும் இருந்தவர்களின் முழங்கால்களும் முந்தானைகளும் உரசின. கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

“அந்தப் பக்கம் பிடி, மாதேவி.”

மாதேவி கையை நீட்டவில்லை. “நீ மடியா இருக்கே அல்ல?” என்றாள்.

“இருந்தேன்” என்றாள் பத்மாஸினி. “பிடி.”

மல்லிகைக் கொடி பிய்ந்துகொண்டு வந்தது. கண்ணாடியைத் திருப்பிச் சுவரோரம் முகம் மறைத்துச் சாய்த்தார்கள். பின்னால் தகரக் கதவு. தாழ்ப்பாள் அசையவில்லை. அவள் ஒரு செங்கல்லைப் பாதையிலிருந்து பிடுங்கி அதைத் தட்டினாள். சிரிப்பு நின்றுபோயிற்று. ஐயங்கார் வீட்டு மருமகள், மடிப்புடவையோடு, கன்ஸர்வன்ஸிக் கதவைக் கல்லால் இடிக்கிறாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. மூன்றாவது தட்டிலோ நாலாவது தட்டிலோ தாழ் விட்டது. கதவு கிரீச்சிட்டுச் சந்துப் பக்கம் திறந்தது. வெயிலும், காய்ந்த இலையும், எங்கோ சாணத்தின் வாடையுமாக ஒரு காற்று உள்ளே வந்தது.

அவள் அருகில் இருந்த தொட்டியைத் தூக்கிச் சந்தில் வைத்தாள். திரும்பி வந்து இன்னொன்று. தவனம், மருக்கொழுந்து. குரோட்டன்ஸ் தொட்டி கனத்தது; மாதேவி வீணையைக் கௌரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து மறுகை கொடுத்தாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். பட்டுப் புடவையை இடுப்பில் வரிந்துகொண்டு பெண்கள் கைக்குக் கை தொட்டி மாற்றினார்கள். வக்கீல் வீட்டம்மாள் செங்கற்களைப் பெயர்த்துக் கிணற்றடியில் அடுக்கினாள். சுவரில் சாய்ந்தவர்கள் முதுகில் நீலம் ஒட்டிக்கொண்டது. யாரோ ஒருத்தி தன் வாழ்நாளில் இப்படி ஒரு சங்கீத வகுப்புக்குப் போனதில்லை என்று கன்னடத்தில் முணுமுணுத்தாள்.

எல்லாம் போன பிறகு மிஞ்சியது பழைய கொல்லைதான். ஒரு கிணறு, ஒரு துளசி மாடம், மண். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதிரும் புதிருமாக, ஒருத்தியின் வீணைத் தலை அடுத்தவளின் குடத்தைத் தாண்டுகிற மாதிரி உட்கார்ந்தபோது ஒன்பது பேர் அடங்கினார்கள். முழங்காலோடு முழங்கால். பத்தாவது இடம் திறந்த தகரக் கதவின் நிலைப்படி. பத்மாஸினி உறையைத் தட்டிவிட்டு, வீணையை எடுத்துவந்து, சந்துக்கு முதுகைக் காட்டி அங்கே உட்கார்ந்தாள்.

உள்ளே பாராயணம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. தலை நிமிர்ந்தபோது மாமனார் பின்வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. அவர் திறந்த கதவைப் பார்த்தார். மருமகளின் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த மாதேவியின் முழங்காலைப் பார்த்தார். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்தார்கள்.

“தளிகை ஆயிடுத்தா, பத்மா?” என்றார்.

“ஆயிடுத்து, மாமா. எல்லாம் மூடி வெச்சிருக்கேன். நான் இப்போ பரிமாறப்படாது.”

“ஸ்நானம் பண்ணிட்டு வா.”

கிணறு ஒன்பது வீணைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒருத்தி எழுந்தால் எல்லோரும் எழுந்தாக வேண்டும். எழுந்தால் திரும்ப உட்கார மாட்டார்கள். அவர் பசியோடு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்துக்கு அவர் விரல்கள் லேசாக நடுங்கும் என்பதும் தெரியும்.

“பண்றேன், மாமா. இவா வாசிச்சு எழுந்தப்புறம்.”

“எத்தனை நாழி ஆகும்?”

“தெரியலை” என்றாள். பிறகு, மெதுவாக, “பானையெல்லாம் நான் மடியா இருக்கச்சே வெச்சதுதான். யாரும் தொடலை. நீங்களே எடுத்து அமுது பண்ணிடுங்கோ” என்றாள்.

அவர் தன் கையால் ஒரு நாளும் சாதம் எடுத்துப் போட்டுக்கொண்டவரல்ல. நிலையை விட்டுக் கையை எடுத்தார். திரும்பி உள்ளே போனார்.

கௌரம்மா பத்மாஸினியைப் பார்த்தாள். ஆரம்பிக்கலாமா, வேண்டாமா என்ற பார்வை. பத்மாஸினி சுருதியைத் தட்டினாள். ஒன்பது பேரும் தட்டினார்கள். முதல் தடவையாக அந்தச் சத்தம் அவள் வயிற்றில் வந்து இடித்தது. தனியாக வாசிக்கையில் எப்போதும் காற்றில் போய்க்கொண்டிருந்த ஒன்று, இப்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. மோகனத்தில் ஆரம்பித்தார்கள்.

நாலைந்து ஸ்வரம்கூடப் போயிருக்காது. சமையலறையில் வெண்கலத் தட்டு கை தவறித் தரையில் விழுந்து உருண்டது. பத்மாஸினியின் உடம்பு எழுந்துவிட்டது. வீணையின் பாரம்தான் அவளைப் பிடித்து உட்காரவைத்தது. விரல் மெட்டை விட்டு வழுக்கி, தந்தி வேறெங்கோ ஒரு சத்தம் போட்டது. மற்ற வீணைகள் ஒவ்வொன்றாக நின்றன.

தட்டு உருண்டு ஓய்ந்தது. எல்லோரும் காது கொடுத்தார்கள். உள்ளே யாரும் கூப்பிடவில்லை. சற்றுப் பொறுத்து, கரண்டி பானையின் அடியில் உரசுகிற சத்தம் கேட்டது. பழக்கமில்லாத கையின் சத்தம், தேவைக்கு மேல் அழுத்தி.

பத்மாஸினி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் மண் இருந்தது. கௌரம்மா விரலைத் தந்தியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தாள்.

“முதல்லேருந்து” என்றாள் பத்மாஸினி.